மறுநாள் காணாமல் போகும் பேஸ்பால் அணி: பழைய கேட்ரிட்ஜில் பேட்டரி மாற்றுவது எப்படி?

கேள்வி: நிண்டெண்டோ என்.இ.எஸ். என்ற பழைய வீடியோ கேம் கருவிக்கான ‘பேஸ்பால் ஸ்டார்ஸ்’ கேட்ரிட்ஜை (ஆட்டம் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டியை) பழையதாக வாங்கினேன். ஆட்டம் நன்றாக ஓடுகிறது. ஆனால், நானும் மகளும் உருவாக்கிய அணி மறுநாள் இருப்பதில்லை. கேட்ரிட்ஜ் கெட்டுவிட்டதா? நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: கேட்ரிட்ஜ் கெடவில்லை. உருவாக்கிய அணியைச் சேமித்து வைக்க உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது) பழக்கம் இருந்தால் நீங்களே மாற்றிவிடலாம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்பேன். எஸ்.என்.கே. நிறுவனம் 1989இல் அமெரிக்காவில் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் உயிரே அந்தச் சேமிப்பில்தான் இருக்கிறது. அதற்கு முன் வந்த பேஸ்பால் கேம்கள் பெரும்பாலானவற்றில், தயாராக இருக்கும் அணிகளில் ஒன்றை எடுத்து ஆடிவிட்டு அணைத்துவிட வேண்டியதுதான். இதிலோ அணிக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நாமே பெயர் வைக்கலாம். பெண் ஆட்டக்காரர்களையும் உருவாக்கலாம். அந்தக் காலத்தில் அது அபூர்வம். வென்று கிடைக்கும் பணத்தைச் செலவழித்து ஒருவரின் பேட்டிங்கையோ ஓட்டத்தையோ மெல்ல மெல்ல உயர்த்தலாம். உங்கள் மகளின் பெயரில் ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், தொடக்கத்தில் அடிவாங்கி, பல ஆட்டங்களுக்குப் பின் எதிரணியைத் திணறடிப்பதைப் பார்ப்பதுதான் இதில் இன்பம். சேமிப்பு இல்லையென்றால் அது அத்தனையும் போய்விடும்.

ஆட்டத்தின் நிரல் அழியாத ரோம் சில்லில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஆட்டம் நன்றாக ஓடுகிறது. அணி, பணம், வெற்றி தோல்வி எல்லாம் பக்கத்தில் உள்ள ரேம் சில்லில் எழுதப்படுகின்றன. மின்சாரம் நின்றால் ரேம் மறந்துவிடும். கருவி ஓடும்போது அதிலிருந்தும், அணைத்தபின் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரியிலிருந்தும் அதற்கு மின்சாரம் போகிறது. அந்தப் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. ரேம் உறிஞ்சுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் என்பதால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். உங்களுடையது 1989ஆம் ஆண்டுப் பேட்டரியாகவே இருந்தால் இதுவரை உழைத்ததே பெரிது.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. அணியைச் சேமித்துவிட்டு, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணையுங்கள். அந்தக் காலப் பேட்டரி கேட்ரிட்ஜ்களுக்கு இது நல்ல பழக்கம். மின்சாரம் விழும் அந்த நொடியில் பிராசஸர் தடுமாறி ரேமில் குப்பையை எழுதிவிடாமல் தடுக்கும். சிறிது நேரத்தில் போட்டால் அணி இருந்து, இரவு கழிந்து போட்டால் இல்லையென்றால், பெரும்பாலும் பேட்டரிதான்.

உறையைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளி வேண்டும். சாதாரணத் திருப்புளியை வைத்து நெம்பினால் திருகின் தலை தேய்ந்துவிடும். திருகுகளைக் கழற்றிய பிறகு, மேல் விளிம்பில் உள்ள கொக்கிகள் உடையாதபடி மெதுவாக நகர்த்திப் பிரியுங்கள். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.5க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய பேட்டரியின் மேலும் கீழும் உலோகத் தகடுகள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிய்த்து இழுக்காதீர்கள். இழுத்தால் சில்லுகள் பொருத்தப்பட்ட போர்டில் உள்ள செம்புத் தடமும் சேர்ந்து வந்துவிடும். போர்டைத் திருப்பி, பின்பக்க ஈயத்தை உருக்கி எடுங்கள். புதியதைத் தகடு பொருத்தப்பட்டதாகவே கேட்டு வாங்குங்கள். வெறும் பட்டன் பேட்டரியின் மேல் நேராகச் சூடு வைப்பது ஆபத்து, அது வெடித்துவிடக்கூடும். பேட்டரி ஹோல்டரைப் பற்றவைத்துவிட்டால் அடுத்த முறை சால்டரிங்கே தேவையில்லை. இந்தக் கேட்ரிட்ஜுக்குள் அதற்கு இடம் உண்டு. நான் அதையே பரிந்துரைப்பேன். போர்டில் உள்ள கூட்டல் குறியைப் பார்த்துப் பொருத்துங்கள். ரீசார்ஜ் செய்யும் வகை வேண்டாம். பேட்டரிக்குள் மின்சாரம் திரும்பிப் போகாதபடி போர்டில் உள்ள டயோடு என்ற சிறு பாகம் தடுத்துவிடும் என்பதால் அது சார்ஜ் ஆகவே ஆகாது.

பேட்டரியைக் கழற்றியதும் ரேமில் இருப்பது அழிந்துவிடும். உங்களுடையதில் இழக்க ஏதும் இல்லை. ஆனால், இன்னும் சேமிப்பு நிற்கும் கேட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதில் யாரோ ஒரு சிறுவன் பல கோடை விடுமுறைகளில் வளர்த்த அணி இருக்கலாம். கேட்ரிட்ஜ் டம்பர் என்ற சிறு கருவியால் அந்தச் சேமிப்பைக் கணினியில் கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, பேட்டரியை மாற்றியபின் திரும்ப எழுதிவிடலாம். அதைச் செய்யாமல் கழற்றுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

திறந்த கையோடு, பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இணைப்பு முனைகளைத் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதுவது வேண்டாம். எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

புதிய பேட்டரி போட்ட பிறகும் அணி மறைந்தால், பற்றவைத்த இடம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டயோடு, கடைசியாக ரேம். கழற்றிய பழைய பேட்டரியின் இருபுறமும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.