டீசலா, ஹைபிரிட்டா?

கேள்வி: ஏழு பேர் அமரும் இரண்டு எஸ்.யு.வி.களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று டீசல், மற்றது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். விலையும் வசதிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: உங்கள் அன்றாட ஓட்டத்தை வைத்து. தினமும் நகருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்றால் டீசல் வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி சூடேறி, சேர்ந்த கரியை எரித்துத் தள்ள நெடுஞ்சாலை வேகத்தில் 15, 20 நிமிட ஓட்டம் தேவை. அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். சுத்திகரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் இன்ஜின் ஆயிலில் டீசலும் கலக்கும். ஹைபிரிட்டோ நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் எரிபொருளை நன்றாக மிச்சப்படுத்தும். வாரம் தவறாமல் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு டீசலே சரி.

எடையையும் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். மிச்சம் 500 கிலோ என்றால், ஆளுக்கு 70 கிலோ வீதம் ஏழு பேருக்கே 490 போய்விடும். பெட்டிகளுக்கு 10 கிலோதான்!

சோதனை ஓட்டத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். மூன்றாம் வரிசையில் உயரமானவரை உட்காரவையுங்கள். இரண்டாம் வரிசையில் குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகும் பின்னால் ஏற வழி இருக்கிறதா என்று பாருங்கள். சன்ரூஃபை விற்பனையாளரே காட்டிவிடுவார்.