“ஒரு வேளைகூட விடவில்லை”: எச்.ஐ.வி. பராமரிப்பு, கேள்வி–பதில்

கேள்வி: செவிலியர் முதுகலைப் படிப்புக்காக, ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும்) மருந்தை நோயாளிகள் எவ்வளவு ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். கேட்ட எல்லோருமே “ஒரு வேளைகூட விடவில்லை” என்கிறார்கள். ஆனால் சிலருக்கு வைரஸ் அளவு ஏறியிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டும் முன், நீங்கள் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டால் “போடுறேன் சிஸ்டர்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. இல்லை என்றால் திட்டு விழும், அடுத்த மாத மருந்து கிடைக்காமல் போகும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. விட்டுப்போனதைச் சொல்ல நீங்களே வழி திறந்துவிட வேண்டும்: “நிறையப் பேருக்கு இடையில மாத்திரை விட்டுப்போகுது. உங்களுக்குக் கடைசியா எப்போ விட்டுப்போச்சு?” என்று தொடங்குங்கள். பிறகு நேற்று, முந்தாநாள் என்று நான்கு நாட்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதில் விடுமுறை நாள் வராவிட்டால் அதைத் தனியாகக் கேளுங்கள். வழக்கமான நேரம் மாறும் நாளில்தான் மாத்திரை அதிகம் மறக்கும். முடிந்தால், மருந்து கொடுப்பவரே கேள்வி கேட்பவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அளவுகோல் மாத்திரை எண்ணிக்கை. இதில் பலர் கணக்கைத் தவறவிடுவது பழைய மிச்சத்தில். கையில் 4 மாத்திரை மிச்சம் இருந்த ஒருவருக்கு 30 கொடுத்தீர்கள். 28 நாள் கழித்து 9 மாத்திரையோடு வருகிறார். இருந்தது 34, மிஞ்சியது 9, ஆகவே எடுத்தது 25. எடுத்திருக்க வேண்டியது 28. 25-ஐ 28-ஆல் வகுத்தால் 89 சதவீதம். பழைய 4 மாத்திரையை மறந்துவிட்டால் இதுவே 75 சதவீதம் என்று வந்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறவரைக் குற்றவாளி ஆக்கிவிடும். 100 சதவீதத்துக்கு மேல் வந்தாலும் மகிழ வேண்டாம். மிச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம், இன்னொருவருக்குக் கொடுத்திருக்கலாம், எண்ணப்போகிறார்கள் என்று தெரிந்து கொட்டியும் இருக்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு எண்ணுவதில் உள்ள பலவீனம் இதுதான்.

இந்த இரண்டோடு மருந்து வாங்க வந்த தேதிகளையும் வைரஸ் அளவையும் சேர்த்துப் பாருங்கள். வைரஸ் அளவு ஏறியிருப்பதாலேயே மருந்து தவறியது என்றும் ஆகிவிடாது. வைரஸ் மருந்துக்கு மசியாத நிலைக்குப் போயிருக்கலாம், வேறொரு மாத்திரை இந்த மருந்தை உடலில் சேரவிடாமல் தடுத்திருக்கலாம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 1,000-க்கு மேல் இருந்தால், மருந்து எடுப்பதில் உள்ள தடைகளைப் பேசித் தீர்த்து, 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்பது வழக்கமான நடைமுறை.

ஆய்வேட்டில் கண்ணை மூடிக்கொண்டு எழுதப்படும் ஒரு வரியையும் சொல்ல வேண்டும்: “95 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒழுங்கின்மை.” அந்த எண் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவியது. அன்றிருந்த புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் என்ற எச்.ஐ.வி. மருந்து வகையை வைத்து, மூடி திறப்பதைப் பதிவு செய்யும் மின்னணு டப்பா கொண்டு அளந்தார்கள். டோலுடெக்ராவிர் என்ற மருந்து அடங்கிய இன்றைய கூட்டு மாத்திரை, வேளை தவறுவதை அவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 3 வேளை விடுவதும், தொடர்ந்து 3 நாள் விடுவதும் சதவீதத்தில் ஒன்றுதான், உடலுக்கு ஒன்றல்ல. ஆகவே தொடர்ச்சியாக விட்ட நாட்களைத் தனி நெடுவரிசையில் பதியுங்கள். மையத்துக்கு வராமலே போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால், மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களை மட்டுமே எண்ணியதாகிவிடும்.

கேள்வி: தினம் ஒரு கூட்டு மாத்திரை (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்) போடுகிறேன். இரவு வேலை மாறி மாறி வருவதால் நேரம் தப்புகிறது. எலும்புக்காகக் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்துப் போடலாமா?

பதில்: தப்பிய மாத்திரையை நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் அதை விட்டுவிட்டு, அடுத்ததை உரிய நேரத்தில் போடுங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போட வேண்டாம்.

கால்சியம், இரும்புச்சத்து இரண்டும் டோலுடெக்ராவிருடன் ஒட்டிக்கொண்டு, குடலில் அது உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும். சாப்பாட்டோடு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் இந்தத் தடை இருக்காது. வெறும் வயிற்றில் என்றால், கூட்டு மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள். மக்னீசியம், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. எப்போதும் அந்த 2 மணி, 6 மணி இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகாமல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொரு வேளை வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் ஒழுங்காக மருந்து போடுகிறவருக்கும் வைரஸ் ஏறுகிறது. எந்தப் புது மாத்திரை கொடுத்தாலும் “நான் இதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று டப்பாவைக் காட்டுங்கள்.

பணிநேரம் மாறுகிறவர்கள், எந்தப் பணிநேரத்திலும் விழித்திருக்கும் ஒரு பொது நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிலருக்கு இந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் தூங்கப் போகும்போது போடாமல், எழுந்ததும் போடலாம்.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி.; எனக்கு இல்லை. அவருடைய வைரஸ் “கண்டறிய முடியாத அளவு” என்கிறார்கள். குழந்தை பெற ஆசைப்படுவது தவறா?

பதில்: தவறே இல்லை. மருந்தை விடாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நிற்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. 2011-இல் வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வும், 2016, 2019-இல் வெளியான பார்ட்னர் ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன. இரண்டாவது பார்ட்னர் ஆய்வில் 782 ஆண் இணையர் ஆணுறை இன்றிச் சுமார் 76,000 முறை உறவு கொண்டும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. கணவர் மருந்து தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்கிறதா, அண்மைப் பரிசோதனை எப்போது எடுத்தது என்று பாருங்கள். இருவருக்கும் மற்றப் பால்வினைத் தொற்றுகளுக்குப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு முயலுங்கள். மனம் இன்னும் துணியவில்லை என்றால், உங்களுக்கான முன்தடுப்பு மாத்திரை பற்றியும் அவரிடம் பேசலாம்.

கேள்வி: பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? (வார்டு செவிலியர்)

பதில்: சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், பிளீச்சிங் கரைசலில் முக்காதீர்கள். திசு புண்படுவதுதான் மிச்சம். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் சில நிமிடம் அலசுங்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தொற்று உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் பரவும் வாய்ப்பு சராசரியாக 1,000-க்கு 3. துளையுள்ள ஊசி, ஆழமான குத்து, ஊசியில் கண்ணுக்குத் தெரிந்த இரத்தம் ஆகியவை அதைக் கூட்டும்.

தடுப்பு மருந்தின் முதல் வேளை சில மணி நேரத்திலேயே உள்ளே போவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. மொத்தம் 28 நாள். பலர் குமட்டல் தாங்காமலோ, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்ற நினைப்பிலோ இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். தொடக்கத்திலேயே எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியாமல், தடுப்பு மருந்தில் உள்ள டெனோஃபோவிரை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பக்கூடும்.

கேள்வி: நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுப்பார்களா?

பதில்: எப்படி அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கென்யாவில் 538 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை “எப்படி இருக்கிறீர்கள்?” என்று மட்டும் செய்தி போனது. பிரச்சினை என்று பதில் வந்தாலும், 48 மணி நேரத்தில் பதிலே வராவிட்டாலும் மருத்துவப் பணியாளர் போனில் கூப்பிட்டார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் செய்தி பெற்ற குழுவில் 62 சதவீதம், மற்றதில் 50 சதவீதம். கென்யாவிலேயே 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில் வாராந்திரச் செய்தி பலன் தந்தது, தினசரிச் செய்தி தரவில்லை. யாரோ ஒருவர் கேட்கிறார், பதில் சொன்னால் திருப்பிக் கூப்பிடுகிறார் என்பதுதான் வேலை செய்கிறது என்பது எங்கள் கணிப்பு. செய்தியில் மருந்து, நோய், மையத்தின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. அந்த போனை வீட்டில் வேறு யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் எச்.ஐ.வி. சுருக்கக் கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறேன். மதிப்பெண் போடுவதில் குழப்பம்.

பதில்: 31 கேள்விகள், 2 பொதுவானவை, மீதி 29 ஆறு பிரிவுகளில் வரும்: உடல், மனம், சார்பின்றி இயங்குதல், சமூக உறவு, சூழல், நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. வலி, பிறர் பழிப்பது, எதிர்காலப் பயம், மரண பயம் போன்ற எதிர்மறைக் கேள்விகளுக்கு 6-இலிருந்து கழித்துத் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்தால், அதிகம் வருந்துகிறவர் அதிக மதிப்பெண் பெறுவார். பிறகு பிரிவின் சராசரியை 4-ஆல் பெருக்குங்கள். 4 முதல் 20-க்குள் வரும். 4 கேள்விகளின் கூட்டு 13 என்றால் சராசரி 3.25, மதிப்பெண் 13.

ஆறு பிரிவையும் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம். உடல் தேறி, உறவுகள் அறுந்துபோனவரின் நிலை அந்தக் கூட்டலில் மறைந்துவிடும். பாலுறவு பற்றிய கேள்வியைக் கூட வந்தவர் முன்னால் கேட்காதீர்கள். மனச்சோர்வுக்கான 9 கேள்வித் தாளையும் சேர்த்தால், ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ‘ஆம்’ என்று ஒருவர் சொன்னால் அன்றே யாரிடம் அழைத்துப்போவது என்பதை, முதல் தாளை நிரப்பும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.