கம்பளிப்பூச்சிக்குக் குளிர்காலம் தெரியுமா?

கேள்வி: பேரனைப் பார்த்துக்கொள்ள ஒஹாயோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கம்பளிப்பூச்சியைக் காட்டி, "கருப்பு அதிகமாக இருக்கிறது, இந்த வருஷம் குளிர் கடுமைதான்" என்கிறார். பெர்சிமன் பழவிதையைப் பிளந்தால் உள்ளே கரண்டி தெரிகிறதாம், அப்படியென்றால் பனி கொட்டுமாம். இதையெல்லாம் நம்பலாமா? அந்தப் புழு இப்போது பேரனின் டப்பாவில் இருக்கிறது.
— ஒரு வாசகி

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. அந்தப் புழுவின் உடம்பில் இருப்பது இதுவரை அது வளர்ந்த கதை. வரப்போகிற குளிர் அதில் இல்லை.

பேரனோடு உட்கார்ந்து அதை நன்றாகப் பாருங்கள். உடம்பில் 13 வளையங்கள் இருக்கும். இரு முனையும் கருப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை. பட்டை அகலமாக இருந்தால் குளிர் லேசு, குறுகினால் கடுமை என்பது அந்த ஊர்க் கணக்கு. ஆனால் இந்தப் புழு ஆறு முறை தோல் உரிக்கிறது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் கருப்பு குறைந்து பழுப்பு கூடுகிறது. ஆக, பட்டையின் அகலம் புழுவின் வயதையும், அது தின்று வளர்ந்த காலத்தையும் பொறுத்தது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்த புழுக்களுக்குள்ளேயே பட்டை வேறுபடும். அவற்றுக்கு வரப்போகும் குளிர் மட்டும் ஒன்றுதானே!

இந்த நம்பிக்கையை நாடு முழுக்கப் பரப்பியதில் ஒரு விஞ்ஞானிக்கும் பங்கு உண்டு. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் கர்ரன், 1948-இல் நியூயார்க் அருகே உள்ள 'பேர் மவுண்டன்' மலைப்பக்கம் போய்ப் புழுக்களைப் பிடித்துப் பழுப்பு வளையங்களை எண்ணினார். அவர் சொன்ன ஆரூடம் பத்திரிகையில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளும் அதையே செய்தார். 13 வளையங்களில் சராசரியாக 5.3 முதல் 5.6 வரை பழுப்பு, அதாவது பட்டை அகலம்தான். குளிரும் லேசாகவே இருந்ததால் பேச்சு பரவிவிட்டது. கையளவு புழுக்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

பெர்சிமன் விதைக்குள் தெரிவது முளைக்கரு. அதன் விதையிலைகள் ஒட்டிக்கொண்டு கரண்டி வடிவில் தெரிகின்றன, அவ்வளவுதான். ஓக் மரம் நிறையக் காய்த்தால் கடுங்குளிர் என்றும் அந்தப் பாட்டி சொல்லக்கூடும். செவ்வோக் வகையில் இந்த இலையுதிர் காலத்தில் விழும் காய், போன வருஷ வசந்தத்தில் பூத்தது! அதற்கு இந்த வருஷக் குளிர் எப்படித் தெரியும்?

குளிரை முன்கூட்டி ஓரளவு சொல்ல உதவுவது, எங்கோ தள்ளி இருக்கும் பசிபிக் கடல். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அதன் நீர் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அமெரிக்க வானிலைத் துறை டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான கணிப்பைத் தருகிறது. அதுவும் 'வாய்ப்பு இவ்வளவு சதவீதம்' என்றுதான் சொல்லும். மகளிடம் சொல்லி அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் என்ன வந்தாலும் சரி, ஒஹாயோவில் கனமான கோட்டும் பனி தள்ளும் மண்வெட்டியும் இல்லாமல் ஒரு குளிர்காலமும் ஓடாது.

விலங்கியல் பாடம் நடத்திய காலத்திலிருந்தே எனக்கு இந்தப் புழுவின் மேல் தனிப் பிரியம். ஆரூடத்தை விடுங்கள், அது குளிரைத் தாங்கும் விதம்தான் அதிசயம். தொட்டதும் சுருண்டு பந்தாகிவிடுமே, அதே மாதிரி சருகுக்கடியில் சுருண்டுகொண்டு, உடம்பு உறைந்துபோயும் பிழைத்திருக்கும். உடம்பில் ஊறும் கிளிசரால் என்ற பாகு போன்ற பொருள் செல்களை உறைபனியிலிருந்து காக்கிறது. வசந்தத்தில் உருகி எழுந்து, கொஞ்சம் தின்று, கூடு கட்டி, மஞ்சள் கலந்த அந்துப்பூச்சியாகப் பறக்கும்.

அதனால் டப்பாவைச் சூடான வீட்டுக்குள் வைக்க வேண்டாம். இன்றைக்கே பேரன் கையாலேயே தோட்டத்துச் சருகுக் குவியலில் விடச் சொல்லுங்கள். முடியில் விஷம் இல்லை, ஆனாலும் சிலருக்கு அரிக்கும், அப்புறம் கை கழுவட்டும். அந்த ஓரத்துச் சருகை மட்டும் வசந்தம் வரைக்கும் வாரிக் கொட்டிவிடாதீர்கள்.