சாப்பாட்டில் வரும் அயோடின் உடம்புக்குள் எங்கே போகிறது? – கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் உயிர்வேதியியல் வாத்தியார், மருத்துவன் இல்லை. தைராய்டு மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்டவர்கள் உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சார், அயோடின் உப்பில் பாதி உடம்பில் ஒட்டாமலே போய்விடும் என்கிறார்களே, நிஜமா?

இல்லை. நம் ஊர் உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். அது வயிற்றுக்குள் போனதும் அயோடைடாக மாறுகிறது. அந்த அயோடைடில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இரைப்பையிலும் சிறுகுடலின் முற்பகுதியிலுமே ரத்தத்தில் ஏறிவிடும். டீ குடித்தால் ஏறாது, எலுமிச்சை பிழிந்தால் ஏறும் என்று இரும்புச்சத்துக்கு இருக்கிற வம்பெல்லாம் இதற்குக் கிடையாது.

ரத்தத்துக்கு வந்ததைக் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியும் சிறுநீரகமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வேண்டிய அளவு கிடைக்கிறவர்களின் தைராய்டு பத்தில் ஒரு பங்கு எடுத்தாலே போதும். மீதி சிறுநீரில் போய்விடும். நெடுநாள் பற்றாக்குறையில் இருப்பவர்களின் தைராய்டோ 80 சதவீதத்துக்கு மேல் இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கத்தான் அது வீங்குகிறது. கழுத்துக் கழலை என்று நாம் சொல்வது அதைத்தான்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். தைராய்டு அயோடினை எப்படி ஐயா பிடித்து வைக்கிறது?

நல்ல கேள்வி தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தைராய்டு செல்லின் ரத்தப் பக்கச் சவ்வில் ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனி உள்ளே வரும்போது கூடவே ஒரு அயோடைடையும் இழுத்து வரும். இப்படியே ரத்தத்தில் இருப்பதைப்போல 20 முதல் 40 மடங்கு சேர்ந்துவிடுகிறது. செல்லின் மறுபக்கம் கூழ் நிரம்பிய சிறு பை. அந்தக் கூழில் தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதம் கிடக்கும். தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு, அந்தப் புரதத்தின் டைரோசின் அலகுகளில் அயோடினை ஒட்டுகிறது. சில அலகில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. இரண்டு ஒட்டிய அலகுகள் இரண்டு சேர்ந்தால் டி4 என்ற தைராய்டு ஹார்மோன். ஒன்று ஒட்டியதும் இரண்டு ஒட்டியதும் சேர்ந்தால் டி3 என்ற ஹார்மோன். லேப் ரிப்போர்ட்டில் பார்க்கும் 4, 3 எல்லாம் அயோடின் எண்ணிக்கைதான்.

செய்த ஹார்மோன் இரண்டு மூன்று மாதத்துக்குத் தாங்கும் அளவு அங்கேயே இருப்பில் இருக்கும். அதனால் ஒரு வாரம் அயோடின் குறைந்தால் ஒன்றும் ஆகாது. வெளியே வந்த டி4-இலிருந்து கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் ஒரு அயோடினைக் கழற்றினால் அதிக வீரியமுள்ள டி3 கிடைக்கிறது. கழற்றும் நொதிக்குச் செலினியம் வேண்டும். கழன்ற அயோடின் வீணாவதில்லை. ரத்தத்துக்கே திரும்புகிறது, மறுபடி தைராய்டு எடுத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கடல் தண்ணீரில் விளைந்த கல்லுப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்குமே அண்ணாச்சி?

இருக்கும், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புக்கள் ஏறக்குறைய 35 கிராம், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அவ்வளவும் உப்போடு தங்கினால்கூட ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் தேறாது. நிஜத்தில் அதுவும் தங்காது. உப்பெடுத்தபின் வடித்துவிடும் நீரோடு பெரும்பங்கு போய்விடும். வீட்டுக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. இமயமலை இந்துப்பும் அயோடின் விஷயத்தில் இப்படித்தான், விலை மட்டும் ஜாஸ்தி. கல்லுப்புதான் ருசி என்றால் அயோடின் கலந்த கல்லுப்பே பாக்கெட்டில் வருகிறது, அதை வாங்குங்கள். கடல் மீன், முட்டை, பால் இவற்றிலும் கிடைக்கும்.

எனக்கு பிபி. உப்பைக் குறைத்தால் அயோடின் குறையாதா?

பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் உள்ள உப்பில் 5 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 75. மீதிக்குப் பால், தயிர், முட்டை, மீன். உப்பைக் குறைப்பதை நிறுத்தாதீர்கள். டப்பாவை அடுப்போரம் திறந்து வைக்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் குறையும்.

நாகர்கோவில் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுவோம். தைராய்டுக்கு ஆகாதாமே?

அதிலுள்ள சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றும். அது மேலே சொன்ன கடத்துப் புரதத்தில் அயோடைடோடு போட்டி போடும். அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்களுக்குப் பயமில்லை. நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். முட்டைக்கோஸும் அப்படித்தான், பொரியலுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

தைராய்டு மாத்திரை போடுகிறேன். அயோடின் உப்பை நிறுத்தணுமா? கடல்பாசி மாத்திரை எடுக்கலாமா?

உப்பை நிறுத்த வேண்டியதில்லை. தைராக்சின் என்பது டி4-தான்; 100 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரையிலேயே எடையில் சுமார் 65 மைக்ரோகிராம் அயோடின்தான். கடல்பாசி மாத்திரை வேண்டாம் என்பேன். சிலவகைப் பாசியில் அயோடின் அளவு எக்கச்சக்கமாக இருக்கும். திடீரென்று அவ்வளவு வந்தால் தைராய்டு ஹார்மோன் செய்வதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் சுதாரித்துக்கொள்ளும், ஏற்கெனவே அழற்சி உள்ள சுரப்பிக்கு அது முடியாமல் போகலாம்.

மகள் மூன்று மாதக் கர்ப்பம். யூரின் டெஸ்ட் எடுத்து அயோடின் பார்க்கலாமா அண்ணா?

ஒருமுறை எடுக்கும் சிறுநீரை வைத்து ஓர் ஊரின் நிலையைச் சொல்லலாம், ஒரு ஆளின் நிலையைச் சொல்ல முடியாது; காலையில் ஒன்று காட்டும், மாலையில் வேறு காட்டும். கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. இப்போது குழந்தை அம்மாவின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அதன் சொந்தச் சுரப்பி சரியாக வேலை செய்ய ஐந்து மாதம் ஆகும். அடுத்த செக்கப்பில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், தங்கச்சி.