மெக்சிகோ போதைக் கும்பல்களுக்குத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

முருகேசன்: மெக்சிகோவில் துப்பாக்கிச் சட்டம் ரொம்பக் கடுமை என்கிறார்களே, அப்புறம் எப்படி இவ்வளவு ஆயுதம்?

கடுமைதான். பொதுமக்கள் ராணுவம் நடத்தும் கடையில்தான் சட்டப்படி வாங்க முடியும். ஆனால் எல்லைக்கு வடக்கே டெக்சஸிலும் அரிசோனாவிலும் லைசென்ஸ் பெற்ற கடைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குற்றப் பதிவு இல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்து, பினாமியாகக் கடைக்கு அனுப்புவார்கள். 4473 என்ற படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று கேட்டிருக்கும். ஆமாம் என்று பொய்யாகக் குறித்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு இரண்டும் மூன்றுமாகக் காரில் ஒளித்துத் தெற்கே கொண்டுபோவார்கள். மெக்சிகோக்காரர்கள் இதை 'எறும்புக் கடத்தல்' என்பார்கள்.

ரமேஷ்: மெக்சிகோவில் பிடிபடுபவற்றில் 90 சதவீதம் அமெரிக்கத் துப்பாக்கி என்பதே கட்டுக்கதை. உண்மையில் 12 சதவீதம்தான். சரியா?

சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சர்ச்சை தொடங்கியது 2008ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து. அந்த ஆண்டு மெக்சிகோ பறிமுதல் செய்தது சுமார் 30,000 துப்பாக்கிகள். அவற்றில் சுமார் 7,200இன் விவரத்தைத்தான் அமெரிக்காவின் ஏடிஎஃப் துறைக்கு (துப்பாக்கி விற்பனையைக் கண்காணித்து, தடம் தேடும் மத்திய அரசுத் துறை) அனுப்பினார்கள். மூலம் தெரிந்தது சுமார் 4,000க்கு. அதில் 3,480 அமெரிக்காவிலிருந்து போனவை. 4,000த்தால் வகுத்தால் 87 சதவீதம் (இதைத்தான் 90 என்கிறார்கள்), 30,000த்தால் வகுத்தால் 12.

12 என்பவர்கள், தடம் தெரியாத 26,000மும் வேறு நாட்டுச் சரக்கு என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். 87 என்பவர்களும் முழுக்கச் சரியில்லை. அமெரிக்க முத்திரை உள்ளதைத்தானே ஏடிஎஃப்புக்கு அனுப்பத் தோன்றும்? சதவீதம் கேட்டால் எதில் சதவீதம் என்று முதலில் கேளுங்கள். 2014 முதல் 2018 வரை அனுப்பியவற்றில் 70 சதவீதம் அமெரிக்க மூலம். அதுவும் அனுப்பியவற்றில் மட்டும்தான்.

ஃபாத்திமா: ஏகே-47 அமெரிக்கத் தயாரிப்பே இல்லையே?

நல்ல கேள்வி. ருமேனியாவில் செய்த ஏகே வகை ரைஃபிள்கள் சட்டப்படி அமெரிக்காவில் இறக்குமதியாகி, கடையில் விற்று, அங்கிருந்து மெக்சிகோ போகின்றன. 'அமெரிக்க மூலம்' என்ற கணக்கில் இவையும் சேரும்.

செல்வி: கையெறி குண்டுகள்?

அவை அமெரிக்கச் சில்லறைக் கடைச் சரக்கு அல்ல. மத்திய அமெரிக்க உள்நாட்டுப் போர்களின் மிச்சம், ராணுவக் கிடங்குத் திருட்டு என்று வேறு வழிகளில் வருபவை.

ரமேஷ்: அப்படியானால் மிச்சம் 26,000 எங்கிருந்து வந்தன? பதில் இல்லையே!

தடம் தேடாதபோது அமெரிக்கா என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் 12 நிற்காததற்கு அதுதான் காரணம்.

ஜோசப்: துப்பாக்கிக் கம்பெனிகள் மீது மெக்சிகோ போட்ட வழக்கு என்ன ஆனது?

2021இல் போட்டது. மனுவில் இருந்த ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. கோல்ட் நிறுவனம் மெக்சிகோ புரட்சித் தலைவர் எமிலியானோ சபாட்டாவின் உருவத்தைப் பொறித்து, 'மண்டியிட்டு வாழ்வதைவிட நின்றபடி சாவது மேல்' என்று ஸ்பானிய மொழியில் எழுதி ஒரு .38 கைத்துப்பாக்கி விற்றது. 2017இல் சிவாவா நகரில் பத்திரிகையாளர் மிரோஸ்லாவா பிரீச் கொல்லப்பட்டது அந்த வகைத் துப்பாக்கியால் என்கிறது மனு. சட்டத்தை மதிக்கும் ஸ்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கும் அது பிடிக்கலாம் என்ற கம்பெனிகளின் வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2025 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வழக்கை நிராகரித்தார்கள். தயாரிப்பாளர்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு வலுவானது.

பிரபு: 90 சதவீதம் என்பது பொய்தானே?

ரமேஷுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கார்த்திக்: ஏடிஎஃப்பே கடத்தவிட்டதாமே?

ஆம். 2009 இறுதியில் அரிசோனாவில் தொடங்கிய நடவடிக்கை. கும்பல் தலைகளைப் பிடிக்கலாம் என்று சுமார் 2,000 துப்பாக்கிகளைப் போகவிட்டுத் தடத்தைத் தொலைத்தார்கள். மன்னிக்க முடியாத தவறு. ஆனால் கடத்தல் அதற்கு வெகு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

சுதா: தடை போட்டால் மட்டும் குறையுமா?

முழுக்க நிற்காது, குறையும். ராணுவப் பாணி ரைஃபிள்களுக்கு 1994இல் அமெரிக்கா போட்ட தடை 2004இல் காலாவதியானது. அதன்பின் டெக்சஸ், அரிசோனா, நியூ மெக்சிகோவை ஒட்டிய மெக்சிகோ ஊர்களில் கொலைகள் கூடியதை ஆய்வு காட்டியது. கலிபோர்னியாவை ஒட்டிய ஊர்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அந்த மாநிலம் தன் சொந்தத் தடையைக் கைவிடவில்லை.

மணி: 12 சதவீதம்தானாமே?

இல்லை. மேலே பாருங்கள்.