ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மூட்டுவலி மட்டும் போகவில்லையே?

கேள்வி: எனக்கு 26 வயது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குப் போய் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். இரண்டு வருஷமாக முட்டி, தோள், மணிக்கட்டு மாறி மாறி வலிக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். சின்ன வயதில் கட்டைவிரலை மடக்கி முன்கையில் தொட்டுக் காட்டுவேன், இப்போதும் முடியும். வீட்டில் சோம்பல் என்கிறார்கள். யோகா செய்தால் சரியாகுமா டாக்டர்?

பதில்: உங்கள் வலி நிஜம்தான். இது சோம்பல் இல்லை. நீங்கள் எழுதிய கட்டைவிரல் விஷயம்தான் முக்கியமான துப்பு.

சிலருக்கு மூட்டைக் கட்டிப் பிடிக்கும் தசைநார்கள் பிறவியிலேயே இளக்கமாக இருக்கும். இதை அளக்க பெய்ட்டன் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முட்டி இரண்டு பக்கமும் அளவுக்கு மீறி வளைவது, அப்புறம் முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது, ஒவ்வொன்றுக்கும் 1 என மொத்தம் 9. உங்கள் வயதில் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூட்டு இளக்கம் இருப்பதாகக் கொள்வோம். இளக்கம் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். வலியும் சேர்ந்தால்தான் சிகிச்சை. இது எக்ஸ்ரேயிலோ ரத்தத்திலோ தெரியாது, கையால் தொட்டு வளைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் வலிக்கிறது? இளகிய மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்கிற உணர்வு இவர்களுக்குக் கொஞ்சம் மந்தம். அதனால் தெரியாமலே மூட்டைக் கடைசி எல்லைவரை தள்ளிவிடுகிறார்கள். அதைத் தாங்க தசைகள் நாள் முழுக்க இறுகி நின்று களைத்துப்போகின்றன. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை இன்னும் மெலியும், வலி கூடும்.

இந்தச் சுழலை உடற்பயிற்சியால் உடைக்க முடியும். 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 8 வாரம் வீட்டிலேயே முட்டிக்குப் பயிற்சி செய்தவர்களுக்கு அந்த நிலையுணர்வு தேறியது, வலியும் குறைந்தது. 2022இல் டென்மார்க்கில் தோள் இளகிய 100 பேரிடம் 16 வாரம் பார்த்தார்கள். லேசான பயிற்சியைவிடக் கனமான எடைப் பயிற்சி செய்தவர்களுக்குத் தோளின் செயல்பாடு கூடுதலாக முன்னேறியது. தசைவலி போன்ற சின்னத் தொந்தரவுகள் அவர்களுக்குத்தான் அதிகம் என்பதால், எடையைப் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஆகவே, உடம்பை இழுத்து வளைக்கும் ஆசனங்கள் உங்களுக்கு வேண்டாம். "எவ்வளவு அழகாக வளைகிறாய்" என்று யாராவது பாராட்டினாலும் வேண்டாம். உங்களுக்குத் தேவை வலு. சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது இரண்டிலும் தொடங்கலாம். நிற்கும்போது முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டாதீர்கள். தையலின்போது கட்டைவிரல் பின்னால் வளையாமல் பிடியுங்கள், இடையிடையே எழுந்து நடங்கள். வலி கூடிய நாளில் பயிற்சியைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் உடல் மறுவாழ்வு மருத்துவப் பிரிவிலோ ஒருமுறை நேரில் காட்டுங்கள். மூட்டு அடிக்கடி நழுவுவது, எழுந்தால் தலைசுற்றிப் படபடப்பது, தோல் ரப்பர்போல் இழுபடுவது, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயக் கோளாறு, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூட்டு வீங்கினாலோ, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம், உடனே போங்கள்.