மழைக்கு மழை பிரியும் டர்ஃப் ஜாயிண்ட்: பசை வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் வயலை மேடாக்கி, பாக்ஸ் கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்குமாக ஒரு டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) நடத்துகிறோம். மூன்று வருடம் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நடுவில் இருக்கும் ஒரு ஜாயிண்ட் மட்டும் பிரிந்துகொள்கிறது. ஒப்பந்தக்காரர் இரண்டு தடவை பசை போட்டு ஒட்டினார். அடுத்த மழையில் மறுபடியும் வாயைப் பிளக்கிறது. எந்தப் பசை நல்லது?

பதில்: பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. புல் ரோல் பெரும்பாலும் 4 மீட்டர் அகலத்தில்தான் வரும். அப்படியானால் உங்கள் இடத்தில் ரோலும் ரோலும் சேரும் ஜாயிண்ட்கள் பல இருக்கும். எல்லாவற்றையும் அதே ஆட்கள், அதே பசையில்தான் ஒட்டியிருப்பார்கள். மற்றவை தாங்கி நிற்க, ஒன்று மட்டும் வருஷா வருஷம் பிரிகிறது என்றால் கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது.

டெல்டா களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வயலை மேடாக்கும்போது பழைய வாய்க்கால் மேலேயோ வரப்பு மேலேயோ அப்படியே சவுடு கொட்டியிருந்தால், அந்த இடம் ஒரு மாதிரியும் பக்கத்து இடம் வேறு மாதிரியும் அமரும். அங்கே பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும். மேலே ஆட்கள் ஓட ஓட, களிச்சேறு புல்லுக்கு அடியில் போட்ட ஜல்லிக்கு இடையில் பிதுங்கி மேலே ஏறும். அந்தச் சேற்றின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

முதலில் ஜாயிண்டைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றரை அடிக்கு மணலையும் ரப்பர் குருணையையும் வாரி எடுத்துவிட்டு, புல்லை மடக்கிப் போடுங்கள். ஜாயிண்டுக்கு அடியில் பசை தடவி விரிக்கும் பட்டைதான் டேப். அதன் அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தால் களிமண் மேலே ஏறிவிட்டது. காய்ந்த பசை ரொட்டி போலச் சின்னச் சின்ன ஓட்டையாக இருந்தால், ஈரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பாலியூரித்தேன் பசையின் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். பசை நுரைத்து வலுவிழந்துவிடும். பசை முழுக்க டேப்பிலேயே தங்கி, புல்லின் முதுகுப்புறம் சுத்தமாக இருந்தால், பசை ஆடை கட்டிய பிறகு புல்லை இறக்கியிருக்கிறார்கள். கடைசியாக, அந்த முதுகுப்புறத்தை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்து, புல் கொத்தும் கையோடு வந்தால் அந்த ஓரம் செத்துவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் வைத்திருக்கும் ரோலிலிருந்து ஒரு பட்டைதான் வைக்க வேண்டும்.

மூன்று மீட்டர் மட்டப் பலகையைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் தரையைத் திருத்தாமல் பசை டப்பாவைத் திறக்காதீர்கள். பள்ளமான இடத்தை ஒரு அடி ஆழம் தோண்டி, சேறான ஜல்லியை முழுக்க எடுத்துவிடுங்கள். அடியில் தெரியும் களிமண்ணில் சுண்ணாம்பைக் கலந்து கொத்திவிட்டு, ஓரிரு நாள் விட்டு இறுக்கினால் அதன் ஊதும் குணம் நன்றாகக் குறையும். மண்ணின் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சுண்ணாம்பு போதும். அதன் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி. களியையும் ஜல்லியையும் பிரித்து வைப்பது இதுதான். செலவைக் குறைக்கிறேன் என்று பலர் விடுவதும் இதைத்தான். அப்புறம் வெட்மிக்ஸை (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை) இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் பிளேட் வைப்ரேட்டரால் இறுக்குங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். சுற்றிலும் வயல் இருந்தால் மழைக்காலத்தில் நிலத்தடி ஈரம் பக்கவாட்டில் உள்ளே வரும். டர்ஃபின் ஓரத்தில், ஜல்லி அடுக்கின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக ஒரு வாய்க்கால் எடுத்து, துளையிட்ட 4 அங்குலப் பைப்பைத் துணி சுற்றிப் போட்டு ஜல்லியால் மூடுங்கள். அந்தப் பைப்புக்கு வெளியேற வழி வேண்டும். வயல் மட்டமே உயரமாக இருந்தால் ஒரு தொட்டி கட்டி மோட்டார் வைப்பதைத் தவிர வழியில்லை.

ஒட்டுவதற்கு உங்கள் ஊரில் மாசி பின்பாதியும் பங்குனியும் நல்ல நேரம். மண் முழுக்க ஊதியும் இருக்காது, வெடித்தும் இருக்காது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஆகவே காலை பத்து மணிக்கு முன் தொடாதீர்கள், மாலையில் பனி இறங்கும் முன் முடித்துவிடுங்கள். முந்தின நாள் தரையில் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களில் மணல் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றால் இன்னும் காயவில்லை, காத்திருங்கள்.

பசை என்றால் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன், 30 சென்டிமீட்டர் அகல டேப். செருப்புக் கடைப் பசையெல்லாம் வேண்டாம். பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். ஆனால் நன்றாக இருக்கும் ஓரத்தை மறுபடி வெட்டாதீர்கள். மற்ற ஜாயிண்ட்கள் பிடித்திருப்பதால் புல்லை இழுத்து நெருக்க முடியாது. பல் கரண்டியால் பசையை இழுத்து, ஆடை கட்டும் முன் புல்லை இறக்குங்கள். இரண்டு ஓரமும் ஏறாமல், இடையில் புல் இழை சிக்காமல் இருக்க வேண்டும். உடனே ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள்: முதுகுப்புறம் முழுக்கப் பசை பதிந்திருந்தால் சரி. உருளையால் அழுத்தி, மணல் மூட்டைகளை நெருக்கமாக அடுக்கிவிடுங்கள். ஒரு முழு நாளாவது மூட்டை இருக்கட்டும். மணலும் குருணையும் நிரப்பிய பிறகே ஆட விடுங்கள்.

இப்போதே மழை பெய்துகொண்டிருக்கிறது என்றால் எதையும் ஒட்டாதீர்கள். தடித்த நைலான் நூலால் இரண்டு ஓரத்தையும் கைத்தையலாகப் பிடித்து வைத்தால் கோடை வரை ஓரளவு தாங்கும். ஆணியும் யு கிளிப்பும் அடிக்கவே வேண்டாம். மண் ஊதும்போது அவை மேலே வந்து, சறுக்கி விழும் பையன்களின் முழங்காலைக் கிழிக்கும். தைத்தும் பிளவு தெரிகிறதென்றால் அந்தப் பக்கத்துக்குக் கயிறு கட்டி, பாதி மைதானத்தை மட்டும் வாடகைக்கு விடுங்கள்.